புதுப்பிப்பு: இழுவைப் படகுக்கு நாகக் கட்டி

1907இல் கட்டின ‘ஹெர்குலிஸ்’ நீராவி இழுவைப் படகைப் பற்றிய போன பதிவில், “உருக்கு உடலுக்கு நாகக் கட்டி பூட்டினால் போதும்” என்று எளிதாக முடித்திருந்தேன். நாகம் என்றால் துத்தநாகம் (zinc); உருக்கு அரிபடாமல், அதற்குப் பதிலாகத் தான் கரையும் கட்டி. அது அரைகுறை. மட்டக்களப்புக் கல்லடி அண்ணன் ஒருவர் சரியாகவே கேட்டார்: “எங்கட வாவியில நாகம் கரையாமக் கிடக்கே, ஏன் தம்பி?”

ஹெர்குலிஸ் நிற்பது சான்பிரான்சிஸ்கோ உப்புத்தண்ணியில். அங்கே நாகம் தான் கரைந்து உருக்கைக் காக்கும். நம்ம வாவியில் மாரி வெள்ளம் வந்தால் உப்புக் குறையும். நாகத்தின் மேல் வெள்ளைப் பொருக்குப் படியும், பிறகு அது சும்மா தொங்கும் இரும்புக்குண்டு மாதிரித்தான். இப்படி உப்பும் நன்னீரும் கலந்த தண்ணிக்கு அலுமினியக் கலவைக் கட்டியே நல்லது.

பூட்டும் இடத்தில் வெறும் உருக்கு மினுங்கும்வரை சுரண்டுங்கள். கட்டியில் பெயின்ற் படவே கூடாது. பட்டால் வேலை செய்யாது. படகைத் தள்ளும் வெண்கலச் சுழலிக்குக் (propeller) கிட்ட உருக்கு வேகமாக அரிக்கும், அங்கே கூடுதலாகப் பூட்டுங்கள். பாதி கரைந்ததும் மாற்றுங்கள்.

கொதிகலன்: ஓடாத காலத்தில் அரைவாசித் தண்ணியோடு விடுவதுதான் படுமோசம், நீர்மட்டக் கோட்டிலேயே குழி விழும். முழுக்க வடித்து, உலர்த்தி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் தட்டு வைத்து மூடுங்கள்.