பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர் ஊராட்சித் தேர்தலில் நிற்கக் கூடாதா?

கடலோரன்:
2015-ல் ஹரியானா ஒரு சட்டம் போட்டது. ஊராட்சித் தலைவர் தேர்தலில் நிற்கப் பொதுப்பிரிவு ஆண்கள் பத்தாம் வகுப்பும், பெண்களும் பட்டியல் சாதி ஆண்களும் எட்டாம் வகுப்பும் தேறியிருக்க வேண்டும். வீட்டில் கழிப்பறையும் இருக்க வேண்டும். அந்த டிசம்பரில், ராஜ்பாலா வழக்கில், உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. எம்.எல்.ஏ., எம்.பி. ஆகப் படிப்புத் தேவையில்லை. கிராமத்துப் பெண்ணுக்கு மட்டும் எதற்கு?

சாரல்:
நான் சட்டத்தின் பக்கம். தலைவர் கையெழுத்துப் போட்டுத்தான் பணம் நகர்கிறது. படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தால், ஆள்வது கணவரோ செயலரோதான். தாராளவாத முன்னோடி ஜான் ஸ்டூவர்ட் மில் 1861-லேயே, எழுதப் படிக்க, சாதாரணக் கணக்குப் போடத் தெரியாதவருக்கு ஓட்டே கூடாது என்றார். 1867-ல் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டவரும் அவர்தான். ஓட்டு என்பது அடுத்தவர் மீதான அதிகாரம், அதற்குத் தகுதி வேண்டும் என்பது அவர் கவலை. அதில் எனக்கு உடன்பாடு.

மண்வாசம்:
மில் சொன்னபடி நடந்திருந்தால் 1951-52 தேர்தலில் பத்தில் எட்டுப் பேர் வெளியே நின்றிருப்பார்கள். அப்போது எழுத்தறிவு 18 சதவீதம்தான். வேட்பாளருக்கு ஒரு பெட்டி வைத்து, சின்னத்தை ஒட்டி, படிக்காதவரையும் ஓட்டுப் போட வைத்தோம். சேர்த்துக்கொள்ள வழி தேடிய நாடு இது.

கடலோரன்:
சாரல், மில் அங்கேயே ஒரு நிபந்தனையும் வைக்கிறார்: முதலில் கல்வி எல்லோருக்கும் இலவசமாகவோ, பரம ஏழைக்கும் கட்டுப்படியாகும் செலவிலோ எட்ட வேண்டும். வாக்குரிமை அப்புறம்தான். ஹரியானாவில் நாற்பது வயதுத் தலித் பெண் சிறுமியாக இருந்தபோது எட்டாம் வகுப்பு அவருக்கு எட்டியதா? அரசு செய்யத் தவறியதற்கு அவர் உரிமையைப் பறிக்கிறோம். கணக்குப் பார்க்கத் தேர்தலுக்குப் பிறகு சொல்லிக்கொடுக்கலாமே. இதே மாதிரிச் சட்டம் போட்ட ராஜஸ்தான் 2019-ல் அதை நீக்கிவிட்டது.

சாரல்:
அந்த நிபந்தனை நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். சரி, 2010-ல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு பள்ளியில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் இந்த விதி என்றால்?

கடலோரன்:
அநியாயம் குறையும். ஆனாலும் சம்மதமில்லை. படிக்காதவரைத் தலைவராக்கலாமா என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் அந்த ஊர் வாக்காளர்கள்.