சிட்னி – அடிலெய்டு கார் பயணம்: இரவு எந்த ஊரில் தங்கலாம்?

பிளாக்டவுன்வாசி:
ஜூலை பள்ளி விடுமுறையில் காரில் அடிலெய்டு போகிறோம். நானும் மனைவியும் மாறி மாறி ஓட்டுவோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவும் மகளும் கூட வருகிறார்கள். கிட்டத்தட்ட 1,400 கிலோமீட்டர். வழியில் ஒரு ராத்திரி போதும் என்று நினைக்கிறேன். முதல் நாளே ஹே என்ற ஊர் வரை போய்விடலாமா? அப்பா அம்மா சுத்த சைவம், சாப்பாட்டை நினைத்தால்தான் கவலை.

மருந்துக்கடைக்காரி:
அந்தப் பக்கத்துச் சின்ன ஊர்களில் மருந்துக்கடைகளுக்கு மாற்று ஆளாகப் போய் வேலை பார்த்தவள் நான். தயவுசெய்து இரண்டு ராத்திரி வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். கங்காரு சாலையோரம் மேய வருவதும் அந்த நேரத்தில்தான். ஹே 720 கிலோமீட்டருக்கு மேல். பெரியவர்களுக்காக நிறுத்தி நிறுத்திப் போனால் கடைசி நூறு கிலோமீட்டர் இருட்டில்தான்.

முதல் ராத்திரி நரண்டெரா, சுமார் 550 கிலோமீட்டர். சீக்கிரம் கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே சேர்ந்துவிடலாம். மறுநாள் காலை முரம்பிஜி ஆற்றங்கரைக் காட்டில் நடந்தால் மரத்தில் கோவாலா தென்படும், மகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். மதியம் ஹே. 1940இல் டுனேரா கப்பலில் வந்த யூத அகதிகளை அங்கே முகாமில் அடைத்து வைத்திருந்தார்கள். அந்தக் கதையைப் பழைய ரயில் நிலையத்தில், ரயில் பெட்டிகளுக்குள் காட்சியாக வைத்திருக்கிறார்கள். எனக்கு மனதை விட்டுப் போகாத இடம் அது. ஹேயில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். அடுத்த ஊர் பால்ரனால்டு, 130 கிலோமீட்டர், நடுவில் வெறும் சமவெளி. இரண்டாவது ராத்திரி மில்டுரா. அங்கிருந்து அடிலெய்டு 400க்குள்தான்.

சாப்பாட்டுக்கு ஒரே வழி: மோட்டல் வேண்டாம், கேரவன் பார்க்கில் (வண்டியோடு வந்து தங்கும் இடம்) அடுப்போடு கேபின், அதாவது சின்ன வீடு மாதிரி, எடுங்கள். பப் சமையலறை எட்டு மணிவாக்கில் மூடிவிடும். சில ஊர்களில் திங்கள், செவ்வாய் திறப்பதே இல்லை. சைவம் என்றால் சிப்ஸும் சாலடும்தான் மிஞ்சும். குக்கர், அரிசி, பருப்பு எடுத்துப் போனால் அம்மா ரசம் வைத்துவிடுவார். பார்க்கின் அலுவலக அறையையும் சீக்கிரமே பூட்டிவிடுவார்கள். தாமதமானால் முன்கூட்டியே போன் செய்யுங்கள், சாவியை வெளியே வைத்துவிட்டுப் போவார்கள்.

ஸ்டூவர்ட் ஹைவே:
நாங்கள் நண்பர்கள் ஒரே நாளில் ஹே போயிருக்கிறோம். முடியாத காரியம் இல்லை. ஆனால் அப்பா அம்மாவோடு என்றால் அக்கா சொல்வதுதான் சரி.

முர்ரே கரை:
ஒன்று விட்டுப்போனது. மில்டுரா தாண்டி, ரென்மார்க் ஊர் வருமுன் யாம்பாவில் பழ ஈ (பழங்களைக் கெடுக்கும் பூச்சி) சோதனைச் சாவடி. வெளியிலிருந்து பழம், தக்காளி, பச்சை மிளகாய், எலுமிச்சை எதையும் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் கொண்டுபோகக் கூடாது. மில்டுராவிலேயே தீர்த்துவிடுங்கள்.

பிளாக்டவுன்வாசி:
ரொம்ப நன்றி அக்கா, இரண்டு ராத்திரி என்று மாற்றிவிட்டோம். புளியோதரை கட்டிக்கொண்டு போனால் சோதனையில் பிடுங்கிவிடுவார்களா? அப்பாவுக்கு மூட்டுவலி, கேபினில் குளிர் தாங்குமா?

மருந்துக்கடைக்காரி:
சமைத்த சோற்றுக்குத் தடையில்லை. குளிர் நிஜமாகவே கடுமை, விடியற்காலையில் பூஜ்யத்துக்குப் பக்கம் இறங்கும். ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள், கூடுதல் கம்பளியும் எடுத்துப் போங்கள். காலையில் கார்க் கண்ணாடியில் உறைபனி படிந்திருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் போதும்.