கியர் வண்டி: நேராக ஓட்ட வருகிறது, நின்று கிளப்பினால் ஆஃப் ஆகிறது, யூ டர்ன் என்றாலே பயம்

புதுச்சக்கரம்:
எல்லாருக்கும் வணக்கம். இதுவரை கியர் இல்லாத ஸ்கூட்டர்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது 150 சிசி பைக் வாங்கியிருக்கிறேன். லைசென்ஸ் இருக்கிறது. நேர் ரோட்டில் கியர் மாற்றி ஓட்டுவதில் சிக்கல் இல்லை. வேகம் குறைந்தால்தான் எல்லாப் பிரச்சினையும் வருகிறது.

சிக்னலில் நின்று கிளப்பும்போது வண்டி ஆஃப் ஆகிவிடுகிறது, இல்லாவிட்டால் குதித்துக்கொண்டு கிளம்புகிறது. பின்னால் யாராவது ஹாரன் அடித்துவிட்டால் கை இன்னும் பதறுகிறது. யூ டர்ன் எடுத்தால் ரோட்டின் அந்த ஓரம் வரை போய்த்தான் திரும்புகிறேன், சில நேரம் காலை ஊன்றித் தள்ளிக்கொண்டு. எனக்கு உயரம் கம்மி. இரண்டு காலையும் ஊன்றினால் நுனிவிரல்தான் தரையில் படும். அப்புறம், நின்ற பிறகு நியூட்ரல் விழவே மாட்டேன் என்கிறது. அது பெரிய விஷயம் இல்லை, பழகிக்கொள்வேன்.

தினமும் ஓட்டுகிறேன், முன்னேற்றம் தெரியவில்லை. ஓட்ட ஓட்டத் தானாக வந்துவிடுமா, இல்லை ஸ்கூட்டருக்கே திரும்பிவிடலாமா?

நெடுவழி:
தம்பி, ஆரம்பத்தில் எல்லாருக்கும் இப்படித்தான். ட்ராஃபிக்கில் தினமும் எடுத்துப் போங்கள். நாலு பேர் ஹாரன் அடித்தால் தானாகக் காது மரத்துப்போகும். யோசிக்க யோசிக்கத்தான் பயம் கூடும்.

மெதுவேகம்:
காது மரத்துப்போகும், சரி. கிளட்ச் பழகுமா? ட்ராஃபிக்கில் கண் முன்னால் போகிற வண்டியில் இருக்கும், மனசு ஹாரனில் இருக்கும். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று கவனிக்க அங்கே நேரம் ஏது? வேலைக்குப் போய்வருவது வேறு, பயிற்சி வேறு. தினமும் ஓட்டியும் முன்னேற்றம் இல்லை என்று அவரே சொல்கிறாரே.

1981-இல் அமெரிக்க ஆய்வாளர் ஹாரி ஹர்ட் குழுவினர் ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து எழுதியது. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவோ, வீட்டார், நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்தக் குறிப்பிட்ட வண்டியில் 5 மாத அனுபவம்கூட இல்லை. அதே ஆட்கள் மொத்தமாக ரோட்டில் ஓட்டியதோ கிட்டத்தட்ட 3 வருடம். பழைய ஆய்வுதான், அந்த எண்களை இன்றைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் ஸ்கூட்டர் ஓட்டிய அனுபவம் புது வண்டியில் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று யோசிக்க வைக்கிறது.

புதுச்சக்கரம், ஆள் நடமாட்டம் இல்லாத, தரை சமமாக உள்ள இடம் ஒன்று பாருங்கள். ஹெல்மெட், கிளவுஸ், ஷூ எல்லாம் போட்டுக்கொண்டுதான். முதல் பயிற்சியில் ஆக்சிலேட்டரைத் தொடவே வேண்டாம். முதல் கியர் போட்டு, கிளட்ச் லிவரை மிக மெதுவாக விடுங்கள். இன்ஜின் சத்தம் லேசாகக் குறைந்து, வண்டி முன்னால் நகரப் பார்க்கும். அந்த இடத்தில் கையை நிறுத்துங்கள். வண்டி ஒரு அடி நகர்ந்ததும் மறுபடி பிடித்து பிரேக் போடுங்கள். கை அந்த இடத்தைத் தேடாமல் போய்ச் சேரும்வரை இதையே செய்யுங்கள். அலுப்பாக இருக்கும், பரவாயில்லை.

பிறகு கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து, அதை அசைக்காமல் வைத்துக்கொண்டு, கிளட்சால் மட்டும் வேகத்தைக் கூட்டிக் குறைத்து நடக்கிற வேகத்தில் போங்கள். உங்கள் வண்டி ஆஃப் ஆவதற்குக் காரணம் அநேகமாக இதுதான்: கிளட்ச் பிடிக்கிற இடத்தைத் தொட்டதும் மீதி லிவரையும் படக்கென்று விட்டுவிடுகிறீர்கள். வண்டி உருள ஆரம்பித்து ஒரு வண்டி நீளம் போகும்வரை லிவர் அங்கேயே இருக்கட்டும்.

கிரீஸ்கை:
எல்லாரும் கையைக் குறை சொல்கிறீர்கள், வண்டியை யாரும் பார்க்கவில்லை. நியூட்ரல் விழவில்லை என்று போகிற போக்கில் சொன்னாரே, எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

மூன்று கேள்வி. கிளட்சை முழுசாகப் பிடித்து முதல் கியரில் நிற்கும்போது வண்டி லேசாக முன்னால் இழுக்கிறதா? இன்ஜினை ஆஃப் செய்தால் நியூட்ரல் சுலபமாக விழுகிறதா? கிளட்ச் லிவரைப் பிடிக்கும்போது, கேபிள் இறுகும் முன் லிவர் நுனி எவ்வளவு தூரம் சும்மா வருகிறது?

பெரும்பாலான வண்டிகளில் அந்த வெற்று அசைவு 10 முதல் 20 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்குச் சரியான அளவு கூடவே வந்த கையேட்டில் இருக்கும். அதற்கு மேல் போனால் லிவரை முழுசாகப் பிடித்தாலும் கிளட்ச் முழுசாக விடுபடாது. வண்டி இழுக்கும், நியூட்ரல் விழாது, பிடிக்கிற இடம் ஹேண்டில்பாரை ஒட்டிப் போய்விடும். அங்கே நுணுக்கமாக விடுவது யாருக்கும் கஷ்டம், சின்னக் கையாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அதற்காக அசைவே இல்லாமல் இறுக்கிவிடாதீர்கள், கிளட்ச் வழுக்கித் தேயும்.

புதுச்சக்கரம்:
முதலில் ஒன்று, நான் தம்பி இல்லை, தங்கச்சி. 😄

கிரீஸ்கை அண்ணா, மூன்றுக்கும் ஆமாம்தான். வண்டி இழுக்கிறது. ஆஃப் செய்தால் நியூட்ரல் விழுகிறது. லிவர் கிட்டத்தட்ட பாதி தூரம் சும்மாதான் வருகிறது. எல்லா பைக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன். நாளைக்கே மெக்கானிக்கிடம் காட்டுகிறேன்.

ஒரு சந்தேகம். இப்படி ஹாஃப் கிளட்சிலேயே ஓட்டிப் பழகினால் கிளட்ச் பிளேட் எரிந்துவிடாதா? கார் ஓட்டும் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

கிரீஸ்கை:
கார் கிளட்ச் பொதுவாக உலர் வகை. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் பிளேட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்துகொண்டிருக்கும், சூட்டை அந்த ஆயில் வாங்கிக்கொள்ளும். நடை வேகத்தில் கொஞ்ச நேரம் பழகுவதால் ஒன்றும் ஆகாது. நடுநடுவே நிறுத்தி வண்டிக்கும் உங்களுக்கும் ஓய்வு கொடுங்கள், போதும். மேட்டில் பிரேக் போடாமல் கிளட்சிலேயே வண்டியைத் தாங்கி நிற்கிறார்களே, அதுதான் பிளேட்டைத் தின்னும்.

நெடுவழி:
தங்கச்சி, மன்னிக்கணும். உயரத்துக்கு ஒரு யோசனை சொல்கிறேன், இதையாவது மெதுவேகம் ஒத்துக்கொள்வார். இரண்டு காலையும் நுனிவிரலில் வைத்துத் தள்ளாடாதீர்கள். நிற்கப் போகும்போது இடுப்பைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி, இடது பாதத்தை முழுசாக ஊன்றுங்கள். வலது கால் பின் பிரேக்கிலேயே இருக்கட்டும். மேட்டில் கிளப்பவும் இதுதான் வழி: பின் பிரேக்கை மிதித்தபடி கிளட்சை விடுங்கள், வண்டி முன்னால் முட்டுவது தெரிந்ததும் பிரேக்கை விடுங்கள். பின்னால் உருளாது. பள்ளம் எந்தப் பக்கம் என்று மட்டும் பார்த்து நிறுத்துங்கள், காலுக்குத் தரை எட்டாத பக்கம் சாய்ந்தால் பிடிக்க முடியாது.

மெதுவேகம்:
முழுசாக ஒத்துக்கொள்கிறேன்.

புதுச்சக்கரம்:
கேபிளைச் சரி செய்தாயிற்று. நியூட்ரல் விழுகிறது, இழுப்பது நின்றுவிட்டது. காலி மைதானத்தில் கிளட்ச் பயிற்சியும் நடக்கிறது. வண்டி ஆஃப் ஆவது இப்போது அபூர்வம்.

யூ டர்ன்தான் இன்னும் வரவில்லை. பாதி திரும்பியதும் வண்டி உள்பக்கம் சாய்ந்து விழப்போகிற மாதிரி இருக்கிறது. பயந்து ஹேண்டிலை நேராக்கிவிடுகிறேன், வட்டம் பெரிசாகிவிடுகிறது.

மெதுவேகம்:
அந்த நொடியில் உங்கள் கண் எங்கே இருக்கிறது? வலது கை விரல் எங்கே இருக்கிறது?

புதுச்சக்கரம்:
கண் முன் சக்கரத்தில், இல்லாவிட்டால் எதிர் ஓரத்துக் கல்லில். விரல் முன் பிரேக்கில்தான், பயத்தில் லேசாகப் பிடிக்கவும் செய்வேன்.

மெதுவேகம்:
இரண்டையும் மாற்றுங்கள். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் முன்பக்கம் அமுங்கி வண்டி அப்படியே உள்ளே விழும். நின்ற இடத்தில் வண்டியைப் போடுகிற பலர் இப்படித்தான் போடுகிறார்கள். திரும்பும்போது அந்த விரல்கள் ஆக்சிலேட்டரைச் சுற்றி இருக்கட்டும். வேகத்தைக் குறைக்கப் பின் பிரேக் மட்டும், அதுவும் லேசாக உரசுகிற அளவுக்கு. இன்ஜின் இழுக்கிறது, பின் பிரேக் தடுக்கிறது, இடையில் கிளட்ச் சமன் செய்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் வண்டி நடை வேகத்திலும் ஆடாமல் நிற்கும். சாய்வது கூடுகிறதா, கிளட்சை ஒரு மயிரிழை விடுங்கள், வண்டி தானாக நிமிரும். நீங்கள் அதற்கு நேர் எதிராகச் செய்கிறீர்கள், பயத்தில் கிளட்சை முழுசாகப் பிடித்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். இழுவை போனால் தாங்க ஒன்றும் இல்லை.

கண் விஷயம் இன்னும் முக்கியம். எதைப் பார்க்கிறோமோ அங்கேதான் வண்டி போகும். கல்லைப் பார்த்தால் கல்லுக்குத்தான் போவீர்கள். தாடை தோளைத் தொடுகிற அளவுக்குத் தலையைத் திருப்பி, திரும்பி முடிக்கப் போகிற இடத்தைப் பாருங்கள். முதலில் கழுத்து ஒத்துழைக்காது.

பெரிய வட்டத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகச் சுருக்குங்கள். இரண்டு பக்கமும் செய்யுங்கள், ஒரு பக்கம் கட்டாயம் கஷ்டமாக இருக்கும், அந்தப் பக்கத்துக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். மெதுவான வட்டத்தில் வண்டி உள்ளே சாயும்போது உங்கள் உடம்பு சற்று வெளிப்பக்கம் இருக்கட்டும். வேகமான வளைவில் இது பொருந்தாது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கிரீஸ்கை:
ஸ்கூட்டரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, இதை யாரும் சொல்லவில்லை. ஸ்கூட்டரில் இடது கை லிவர் பின் பிரேக். பைக்கில் அது கிளட்ச். பதற்றத்தில் பழைய பழக்கத்தில் இடது கையை மட்டும் இறுக்கினால் வண்டி நிற்காது, இன்ஜின் பிடிப்பும் போய் உருண்டுகொண்டே போகும். அதனால் யூ டர்னோடு நிறுத்தாமல் பிரேக்கையும் மைதானத்திலேயே பழகுங்கள்.

30 கிலோமீட்டர் வேகத்தில், நேர்கோட்டில், காய்ந்த தரையில் தொடங்குங்கள். முன் பிரேக்கை முதலில் லேசாகப் பிடியுங்கள், எடை முன் சக்கரத்துக்கு வரும். பிறகு அழுத்தத்தைக் கூட்டுங்கள். கூடவே பின் பிரேக் கொஞ்சம். எடை முன்னால் போவதால் பின் சக்கரம் லேசாகிவிடும், அதை ஓங்கி மிதித்தால் வழுக்கும். மெதுவேகம் சொன்ன அந்த ஹர்ட் அறிக்கையிலும் இதே கதைதான்: விபத்துக்கு முன் பலர் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்திருக்கிறார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு) இருந்தால் லிவர் அதிர்ந்தாலும் விடாமல் பிடித்திருங்கள். ஏபிஎஸ் இல்லாமல் முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் உடனே விட்டுவிட்டு மறுபடி பிடியுங்கள்.

வேகம் இரட்டிப்பானால் பிரேக் பிடித்து நிற்கிற தூரம் ஏறக்குறைய நாலு மடங்கு. 50 கிலோமீட்டரில் ஒரு வினாடி யோசித்தாலே 14 மீட்டர் போய்விடும். அதனால் 30-இல் கை பழகிய பிறகு 40.

புதுச்சக்கரம்:
இடது கை விஷயம் உண்மை. ஒரு நாய் குறுக்கே வந்தபோது அதைத்தான் செய்தேன், ஏன் நிற்கவில்லை என்று இப்போதுதான் புரிகிறது.

வட்டம் சுருங்கிக்கொண்டு வருகிறது. ஒரு பக்கம் நன்றாக வருகிறது, இன்னொரு பக்கம் இன்னும் மோசம்தான். அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போகலாமா? கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

நெடுவழி:
அந்த இன்னொரு பக்கம் வரட்டும், அப்புறம் கூட்டிப் போகலாம். முதலில் வண்டி ஓட்டத் தெரிந்த, உங்கள் எடைக்குள் இருக்கிற ஒருவரை அதே மைதானத்தில் ஏற்றிக் கிளட்சும் பிரேக்கும் பழகிப் பாருங்கள். கிளம்ப ஆக்சிலேட்டர் கூடுதலாகக் கேட்கும், நிற்கத் தூரம் கூடுதலாகக் கேட்கும். டயர் காற்றும் இரண்டு பேருக்கான அளவில் இருக்க வேண்டும், அதுவும் கையேட்டில் இருக்கும். அம்மா ஏறும்போதும் இறங்கும்போதும் சொல்லிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். அந்த நேரம் மட்டும் இரண்டு காலையும் ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்திருங்கள். நுனிவிரல்தான் எட்டுகிறது என்றால் நடைபாதை விளிம்பை ஒட்டி நிறுத்தி ஏற்றுங்கள்.