பீமின் எடையை விட்டுவிட்டால் அதிர்வெண் எவ்வளவு பிசகும்?

கேள்வி:
100×100×6 மி.மீ. ஸ்டீல் பாக்ஸ் செக்‌ஷன், 1 மீட்டர் நீளம். ஒரு முனை பேஸ் பிளேட்டோடு வெல்டிங், மறுமுனையில் 40 கிலோ மோட்டார், 1500 ஆர்பிஎம் (25 ஹெர்ட்ஸ்). பீம் எடை 17.7 கிலோ. அதை ஒதுக்கி, முனை விறைப்பை (முனையை 1 மி.மீ. வளைக்கத் தேவையான விசை) 2000 நியூட்டன்/மி.மீ. என்று எடுத்தால் இயல் அதிர்வெண் (தட்டிவிட்டால் தானாக அதிரும் வேகம்) 35.6 ஹெர்ட்ஸ். இதை நம்பலாமா? பீம் எடையில் பாதியை முனையில் சேர்த்தால் போதுமா?

பதில் 1:
பாதி வேண்டாம். கான்டிலீவருக்கு (ஒரு முனை மட்டும் பிடித்த பீமுக்கு) 33/140, அதாவது 0.236 பங்குதான், வெல்டிங் பக்கத்து எடை ஏறக்குறைய அசைவதே இல்லை. 40 + 4.2 = 44.2 கிலோ, 33.9 ஹெர்ட்ஸ். நீங்கள் போட்டது 5% கூடுதல். பாதியைச் சேர்த்தால் 32.2, அது 5% குறைவு. மோட்டாரே இல்லாத வெறும் பீமில் "பாதி" கணக்கு 30% குறைத்துக் காட்டும். இருமுனையும் சும்மா தாங்கிய பீமில் நடுவே பாதியை வைத்தால் பிழை 0.7% தான், அங்கிருந்துதான் இந்தப் பழக்கம் இங்கேயும் ஒட்டிக்கொள்கிறது.

பதில் 2:
எடைப் பிழை சின்னது. பேஸ் பிளேட் அசையாது என்று வைத்துக்கொண்டதுதான் பெரியது. முனையில் 1000 நியூட்டன் (சுமார் 102 கிலோ) தொங்கவிட்டு டயல் கேஜ் (சிறு நகர்வை அளக்கும் கருவி) வையுங்கள். பீம் வளைவு மட்டும் என்றால் 0.5 மி.மீ. வர வேண்டும். 0.65 வந்தால் மீதி 0.15 பிளேட்டும் போல்ட்டும் கொடுத்தது. விறைப்பு 1.3 மடங்கு குறைகிறது, பதில் 1-இன் 33.9 ஹெர்ட்ஸ் 29.7 ஆகிறது.

மோட்டார் ஓடும் 25 ஹெர்ட்ஸை இயல் அதிர்வெண் நெருங்க நெருங்க அதிர்வு பெருகும். தணிப்பை (அதிர்வைக் குறைக்கும் உராய்வு போன்றவற்றை) விட்டுப் பார்த்தால் அந்தப் பெருக்கம் 35.6-க்கு 2 மடங்கு, 33.9-க்கு 2.2, 29.7-க்கு 3.4. அதிர்வெண்ணில் எத்தனை சதவீதம் பிசகு என்பதைவிட, அது 25-ஐ நோக்கி நகர்கிறதா என்று பாருங்கள். இங்கே விட்டுப்போனவை எல்லாமே அந்தப் பக்கம்தான் தள்ளுகின்றன.

பதில் 3:
மோட்டாரின் ஈர்ப்பு மையம் எங்கே? பீம் முனையைத் தாண்டி 100 மி.மீ. வெளியே இருந்தால் அதிர்வெண் இன்னும் 13% அளவுக்கு இறங்கும். 29.7 என்பது 26-க்கு வந்துவிடும். அப்புறம் ஓட்டவே கூடாது.

கேள்வி கேட்டவர்:
டயல் கேஜ் ஸ்டாண்டைப் பேஸ் பிளேட் மேலேயே வைக்கலாமா?

பதில் 2:
அதை மட்டும் நம்பக் கூடாது. பிளேட் சாய்ந்தால் ஸ்டாண்டும் கூடவே சாயும், 0.5 காட்டி ஏமாற்றிவிடும். தரையில் தனியாக நிற்கும் ஸ்டாண்டிலும் ஒரு ரீடிங் எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பிளேட்டின் பங்கு.