பிரிட்ஜ்வாட்டர் நவம்பர் கார்னிவல்: கத்தோலிக்கக் குடும்பம் போகலாமா?

டான்டன்_மன்னார்:
வணக்கம். இங்கிலாந்தின் சோமர்செட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. மகளின் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் பிரிட்ஜ்வாட்டர் கார்னிவலைப் பற்றித்தான் பேசுகிறார்களாம், நாமும் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். எனக்கும் ஆசைதான். ஆனால் அது கை ஃபாக்ஸ் நாளை ஒட்டி வருவது என்றும், ஒரு கத்தோலிக்கர் பிடிபட்டதைக் கொண்டாடத் தொடங்கியது என்றும் வேலையிடத்தில் ஒருவர் சொன்னதிலிருந்து மனைவிக்கு மனம் ஒப்பவில்லை. நாங்கள் மன்னார் ஆட்கள், மடுத் திருவிழாவுக்கு வருடம் தவறாமல் போய் வளர்ந்தவர்கள். நம் சமயத்தைப் பழிக்கிற இடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போவதா என்று அவர் கேட்கிறார், எனக்குப் பதில் தெரியவில்லை. இது எப்படித் தொடங்கியது, இப்போது அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாரெட்_ஆற்றங்கரை:
பிரிட்ஜ்வாட்டரில் பதினோரு வருடமாக இருக்கிறேன். உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி, மூடி மறைக்காமல் சொல்கிறேன். ஆமாம், தொடக்கம் அதுதான். 1605 நவம்பர் 5 விடியுமுன் லண்டனில் நாடாளுமன்றத்தின் கீழ் அறையில் 36 பீப்பாய் வெடிமருந்தோடு கை ஃபாக்ஸ் பிடிபட்டார். அரசர் முதலாம் ஜேம்ஸைக் கொல்ல நினைத்த சதிக் கூட்டத்தில் இருந்தவர்கள் கத்தோலிக்கர்கள். அதன்பின் ஒவ்வொரு நவம்பர் 5 அன்றும் நன்றி வழிபாடு நடத்த வேண்டும் என்று சட்டமே போட்டார்கள், அது 1859 வரை இருந்தது. இரண்டரை நூற்றாண்டு தேவாலய மேடையிலிருந்து அப்படிக் கேட்ட மக்கள் மனதில் என்ன ஊறியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பிரிட்ஜ்வாட்டர் புராட்டஸ்டன்ட் பிடிப்புள்ள ஊர், 1685இல் கத்தோலிக்க அரசர் இரண்டாம் ஜேம்ஸுக்கு எதிராக எழுந்த மன்மத் பிரபுவின் படைக்கு ஆதரவாக நின்ற ஊர், அதனால் இங்கே அந்தக் கொண்டாட்டம் கொஞ்சம் பலமாகவே வேரூன்றிவிட்டது. பக்கத்து நெதர் ஸ்டோவியில் பிறந்த ராபர்ட் பார்சன்ஸ் என்ற இயேசு சபைக் குருதான் சதிக்குப் பின்னால் இருந்தார், அதனால்தான் இந்த ஊருக்கு இவ்வளவு வேகம் என்று இங்கே ஒரு கதை சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை. 1605இல் அவர் ரோமில் ஆங்கிலேயக் குருமடத்தின் தலைவராக இருந்தார்.

பழைய காலத்தில் ஊர்வலத்தை விட நெருப்புதான் பெரிது. ஆற்றிலிருந்து ஒரு பழைய மரப்படகைக் கொண்டுவந்து, அதில் தார்ப் பீப்பாய்களை நிரப்பி, கார்ன்ஹில் சதுக்கத்தில் வைத்துக் கொளுத்துவார்கள். ஊர் நடுவில்! வேடம் போட்டவர்கள் கூட்டம் கூட்டமாகத் தெருக்களில் நடந்து அந்த நெருப்புக்கு வந்து சேர்வார்கள். அந்த நடைதான் 1880களின் தொடக்கத்தில் கமிட்டி அமைத்து நடத்தும் ஒழுங்கான ஊர்வலம் ஆனது. படகு எரிப்பது 1924ஓடு நின்றுபோனது. நெருப்பு போய் ஊர்வல வண்டிகளின் விளக்கு வந்தது, இன்று ஊரே திரண்டு பார்க்க வருவது அந்த விளக்கைத்தான்.

கொட்டகை_உதவியாள்:
மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்தக் கார்னிவலின் உயிர் இதில்தான் இருக்கிறது. என்னோடு வேலை செய்பவர் ஒரு கார்னிவல் கிளப்பில் இருக்கிறார், அவர் அழைத்துப் போய்த்தான் நானும் மூன்று வருடமாக வார இறுதிகளில் ஊர்வல வண்டி செய்யும் கொட்டகைக்குப் போகிறேன். அங்கே வெல்டிங் செய்பவர், எலக்ட்ரீஷியன், தையல் தெரிந்த பாட்டி, பள்ளிப் பிள்ளை எல்லாரும் ஒரே வண்டிக்காக வருடம் முழுவதும் வேலை செய்வார்கள், ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. வண்டி செய்யும் பணத்தையும் அவர்களே திரட்டுகிறார்கள். ஊர்வலத்தன்று மக்கள் போடும் காசு தனி, அது அறக்கொடைக்குப் போகிறது.

அவர்கள் அதை ‘கார்ட்’ என்றுதான் சொல்வார்கள். குதிரை வண்டியில் தொடங்கியதால் வந்த பெயர், வேறு பெயர் சொன்னால் உடனே திருத்துவார்கள். வண்டி என்றால் நம் ஊர்ச் சப்பர அளவை மனதில் வைக்காதீர்கள். பெரிய வண்டி 100 அடி நீளம், இரண்டு மாடி வீட்டு உயரம், சிலவற்றில் 20,000 பல்புக்கு மேல் இருக்கும். முன்னால் இழுப்பது டிராக்டர், அதோடு பெரிய ஜெனரேட்டரும் போகும். பக்கத்தில் வரும்போது முதலில் முகத்தில் அதன் சூடு படும், அப்புறம்தான் பாட்டு நெஞ்சில் இடிக்கும். ஆனால் எனக்குப் பிடித்தது காட்சி வண்டிகள்தான். அதில் ஆட்கள் வேடத்தோடு சிலை மாதிரி நிற்பார்கள், ஊர்வலம் முடியும்வரை நவம்பர் மழையிலும் இமைக்காமல் நிற்கிறவர்களைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியிருக்கிறது. இந்த வருட வண்டிக்குள் எந்தப் பல்பை நான் மாட்டினேன் என்று இப்போதும் எனக்குத் தெரியும்.

மூன்று வருடத்தில் கொட்டகையில் ஒரு நாள்கூடச் சமயத்தைப் பற்றிய பேச்சு வந்ததில்லை.

சசெக்ஸ்_வழி:
ஒரு எச்சரிக்கை மட்டும். இதையும் சசெக்ஸில் உள்ள லூயிஸ் ஊரில் நடப்பதையும் ஒன்றாக எண்ண வேண்டாம். கத்தோலிக்கரான அரசி மேரி காலத்தில் லூயிஸில் எரித்துக் கொல்லப்பட்ட 17 புராட்டஸ்டன்ட்களின் நினைவாக அங்கே எரியும் சிலுவைகளைத் தூக்கிப் போவார்கள், ஒரு சங்கம் 1605இல் போப்பாக இருந்த ஐந்தாம் பவுலின் உருவத்தையும் வைத்துக் கொளுத்தும். அவர்கள் அதை வரலாறு என்கிறார்கள். நானும் கத்தோலிக்கன், எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, பாதியில் கிளம்பி வந்துவிட்டேன். பிரிட்ஜ்வாட்டருக்கு இரண்டு முறை குடும்பத்தோடு போனேன், அந்தச் சங்கடம் எங்கும் வரவில்லை.

டான்டன்_மன்னார்:
எல்லாருக்கும் மிக்க நன்றி. மனைவியிடம் முழுவதும் வாசித்துக் காட்டினேன். லூயிஸ் பகுதியில் முகம் மாறியது, கொட்டகைப் பகுதியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். போகிறோம். மகளுக்கு ஆறு வயது. ஸ்க்விப்பிங் என்று ஏதோ வெடி விடுவார்களாமே, அதற்கு அவளோடு நிற்கலாமா?

பாரெட்_ஆற்றங்கரை:
நிற்கலாம், தள்ளி நில்லுங்கள். ஊர்வலம் முடிந்ததும் ஹை ஸ்ட்ரீட் நடுவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வரிசையாக நின்று, நீளமான கம்பின் நுனியில் கட்டிய ஸ்க்விப் என்ற வாணத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் பற்றும், தெரு முழுவதும் பொறி மழையாகக் கொட்டும், பழைய நெருப்பில் இன்று மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். சத்தமும் புகையும் அதிகம், காதை மூடும் ஹெட்ஃபோன் வாங்கிக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் சனிக்கிழமை பிற்பகலிலேயே வந்துவிடுங்கள், சாலைகளை அடைத்துவிடுவார்கள். அன்று முடியாவிட்டால் பெரும்பாலான வண்டிகள் அதற்குப் பின் வரும் நாட்களில் பர்னம், வெஸ்டன், நார்த் பெதர்டன் என்று போகும், அங்கேயும் பார்க்கலாம், ஆனால் ஸ்க்விப்பிங்குக்கு இங்கேதான் வர வேண்டும். மகளுக்கு இரண்டு சோடி காலுறை போட்டுக் கூட்டி வாருங்கள், நின்றே இருக்க வேண்டும், தரை குளிரும்.