ஜிப்ஸியின் பின் டிஃப்புக்கு லாக்கர்: ஆட்டோமேட்டிக்கா, ஏர் லாக்கரா?

காபிக்காடு:
ஏற்காட்டில் எஸ்டேட். வண்டி மாருதி ஜிப்ஸி, 1.3 லிட்டர். கேட்டிலிருந்து வீடு வரை செம்மண் பாதை. ஐப்பசி மழை பிடித்தால் தண்ணீர் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடி, பாதை பள்ளம் பள்ளமாகிவிடும். ஏறும்போது பின்சக்கரம் ஒன்று அந்தரத்தில் தொங்கிக்கொண்டு வெறுமனே சுற்றும். ஃபோர் வீல் லோ (நாலு சக்கரத்துக்கும் விசை, மெதுவான கியர்) போட்டால் முன்னாலும் ஒன்று சேர்ந்து சுற்றும், அவ்வளவுதான். பின் டிஃப்புக்கு (இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல்) இரண்டையும் சேர்த்துப் பூட்டும் லாக்கர் போடுவது முடிவு. டிஃப்புக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரமான ஸ்டார் பினியனை எடுத்துவிட்டு அதே இடத்தில் உட்காரும் ஆட்டோமேட்டிக் லாக்கரா, சுவிட்ச் போட்டால் காற்றழுத்தத்தில் பூட்டும் ஏர் லாக்கரா? இதே வண்டிதான் சேலத்துக்கும் இறங்கும். பெரும்பாலும் ஓட்டுவது என் மனைவி.

பட்டைஸ்ப்ரிங்:
ஆட்டோ போடுங்கள் அண்ணா. லாக்-ரைட், ஆஸி லாக்கர் மாதிரி. டிஃப்பின் பழைய கேரியருக்குள்ளேயே (பல்சக்கரங்களைத் தாங்கும் கூடு) உட்காரும். அட்ஜஸ்டரில் குறி போட்டுக் கழற்றினால், கிரவுன்-பினியன் (விசையை அச்சுக்குத் திருப்பும் பெரிய, சின்னப் பல்சக்கரம்) செட்டிங் கலையாமல் அதே இடத்தில் திரும்ப மாட்டலாம். ஒயர் கிடையாது, கம்ப்ரஸர் கிடையாது, ஏர் லாக்கர் விலையில் ஒரு பகுதிதான் ஆகும். உங்கள் வண்டி 80 குதிரைத்திறன், 103 நியூட்டன் மீட்டர், எடை ஆயிரம் கிலோ அளவுதான். இதற்குப் போய் காற்றுக்குழாய் இழுப்பது வீண் செலவு. வாங்கும் முன் ஆக்சில் ஷாஃப்டின் ஸ்ப்ளைனை (நுனியில் இருக்கும் பல்வரிசை) மட்டும் எண்ணிப் பாருங்கள். 1.3 வண்டிக்கு 26 இருக்க வேண்டும். பழைய 1 லிட்டர் அச்சு மாட்டியிருந்தால் அதற்கு வேறு பாகம்.

ஊசிவளைவு:
சேலம் ஏற்காடு ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. அதைச் சொல்லாமல் ஆட்டோ லாக்கரைச் சிபாரிசு செய்வது சரியில்லை.

வளைவில் வெளிச்சக்கரம் வேகமாகச் சுற்றியாக வேண்டும். ஆட்டோ லாக்கர் அதை விட்டுக்கொடுக்கும், உண்மைதான். ஆனால் எப்படி? ஆக்சிலரேட்டரில் கால் இருக்கும்வரை உள்சக்கரம் மட்டும் வண்டியைத் தள்ளும். காலை எடுத்தால் எஞ்சின் பிரேக் முழுக்க வெளிச்சக்கரத்துக்குப் போகும். கால் வைத்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் விசை பக்கம் மாறும்போது வண்டியின் பின்பகுதி ஓர் ஆட்டம் ஆடும். நீளமான ஜீப்பில் இது தெரியாது. ஜிப்ஸியின் வீல்பேஸ் 2375 மில்லிமீட்டர்தான். மழையில், இரண்டாம் கியரில் இறங்கிக்கொண்டிருக்கும்போது இந்த ஆட்டம் வந்தால் யாருக்கும் கை நடுங்கும்.

பட்டைஸ்ப்ரிங்:
பயமுறுத்தாதீர்கள். 'டக் டக்' என்று சத்தம் வரும், ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும். நிதானமாக ஓட்டுகிறவருக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். என் வண்டியிலும் ஆட்டோதான், அதிலேயேதான் கொல்லிமலை ஏறி இறங்குகிறேன்.

வெல்டிங்பட்டறை:
ஸ்டார் பினியனை வெல்டு வைத்து நிரந்தரமாகப் பூட்டிவிட்டால் செலவே இல்லையே?

ஊசிவளைவு:
தார் ரோட்டுக்கே வராத போட்டி வண்டி என்றால் வையுங்கள். இவர் வண்டி சேலம் போய் வர வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் டயர் தேயும், ஆக்சில் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும்.

ஜிம்னிக்காரன்:
ஜிம்னியில் சுற்றுகிற சக்கரத்தை பிரேக்கே பிடித்து, விசையை மறுபக்கம் அனுப்புகிறது. லாக்கர் இல்லாமலே நிறைய இடம் ஏறிவிடுகிறேன்.

பட்டைஸ்ப்ரிங்:
தம்பி, பெரும்பாலான ஜிப்ஸியில் ஏபிஎஸ்ஸே கிடையாது. அதற்குமேல் ஏது அந்த வித்தையெல்லாம்?

ஜிம்னிக்காரன்:
சரி, அப்படியென்றால் மஹிந்திரா தார் வண்டியில் கம்பெனியே போட்டுக் கொடுத்த ஈட்டன் லாக்கர்? இரண்டு சக்கரத்துக்கும் நிமிடத்துக்கு நூறு சுற்று அளவுக்கு வித்தியாசம் வந்தால் தானே பூட்டிக்கொள்ளும், வேகம் எடுத்தால் பூட்டாது. வளைவுப் பிரச்சினையும் இல்லை.

ஊசிவளைவு:
நல்ல சாதனம்தான், ஆனால் தார் வண்டியின் ஹவுசிங் (டிஃப் உட்காரும் அச்சுக்கூடு) வேறு, ஜிப்ஸி ஹவுசிங் வேறு.

காபிக்காடு அண்ணா, ஒரு கேள்வி. உங்கள் பாதை பக்கவாட்டில் சரிந்திருக்குமா?

காபிக்காடு:
பாதி தூரம் அப்படித்தான். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் சரிவில் காபிச் செடி.

ஊசிவளைவு:
அப்போது ஆட்டோவை மறந்துவிடுங்கள். சரிந்த ஈரக் களிமண்ணில் சாதா டிஃப் இருந்தால் ஒரு சக்கரம் வழுக்கும், மற்றது மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வண்டி ஏறாது, ஆனால் இடம் பெயராது. லாக்கர் பூட்டியிருந்தால் இரண்டும் சேர்ந்து சுற்றும், பக்கவாட்டுப் பிடி மொத்தமும் போய்விடும், பின்பகுதி மெல்லச் சரிவுப் பக்கம் இறங்கும். குறுக்குப் பள்ளத்தில் பூட்டு வேண்டும், அடுத்த இருபதடியில் அதே பூட்டு ஆபத்து. அதனால்தான் திறந்து மூட ஒரு சுவிட்ச் வேண்டும் என்கிறேன்.

பட்டைஸ்ப்ரிங்:
இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆட்டோவிலும் காலை எடுத்தால் சக்கரம் சுற்றுவது நின்றுவிடும், வழுக்கலும் நிற்கும். உங்கள் சுவிட்சை அந்தப் பதற்றத்தில் யார் ஞாபகமாக அணைப்பார்கள்? இன்னொன்று, ஏர் லாக்கருக்குள் ஓ-ரிங் தேய்ந்தால் காற்று கசியும். ஹவுசிங் ஆயில் குழாய் வழியே ஏறி, வால்வில் வந்து ஒழுகும். அதைப் பிரித்து பிளே (பல்சக்கரங்களுக்கு இடையிலான இடைவெளி) பார்த்து மாட்டத் தெரிந்த கை ஏற்காட்டில் கிடைக்குமா? எல்லா மேஸ்திரியும் கிரவுன்-பினியனில் கை வைப்பதில்லை. சரியாக வைக்காவிட்டால் ஊளையிடும்.

ஊசிவளைவு:
மேஸ்திரி விஷயத்தில் மறுப்பு இல்லை. ஹவுசிங்கைக் கழற்றி சேலத்துக்கோ கோவைக்கோ எடுத்துப்போய், டயல் கேஜ் வைத்துப் பிளே பார்க்கிற பட்டறையில் கொடுங்கள். கூடவே கம்ப்ரஸரை வெறும் லாக்கர் செலவாகக் கணக்குப் போடாதீர்கள். சேற்றுக்கு முன் டயர் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கிவிட்டு, தார் ரோட்டுக்கு வந்ததும் அதிலேயே ஏற்றிக்கொள்ளலாம். காற்று இறக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும். தேரிக்காட்டு மணலில் லாக்கர் வைத்தும் புதைந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன், காற்றை மட்டும் இறக்கிவிட்டுப் போன வண்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

பட்டைஸ்ப்ரிங்:
அப்படியானால் முதலில் மட் டயர் போட்டுக் காற்றை இறக்கி ஒரு மழைக்காலம் பார்க்கட்டுமே. லாக்கரே தேவைப்படாமல் போகலாம்.

ஊசிவளைவு:
அந்தரத்தில் தொங்குகிற சக்கரத்துக்கு எந்த டயர் போட்டு என்ன செய்வது? ஜிப்ஸியின் பட்டை ஸ்ப்ரிங் விறைப்பு, சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கித் தொடாது. அங்கே லாக்கர்தான்.

காபிக்காடு:
மனைவியிடம் இரண்டையும் படித்துக் காட்டினேன். "அணைக்க முடிகிறதையே போடு" என்றார். ஏர் லாக்கர்தான், ஏஆர்பி கம்பெனியுடையதை விசாரிக்கிறேன். டயரும் மாற்றுகிறேன். மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பட்டைஸ்ப்ரிங்:
பணம் உங்களுடையது. காற்றுக்குழாயை சைலன்ஸர் குழாய் பக்கம் விடாதீர்கள், உருகிவிடும். அச்சு மேலும் கீழும் ஆடுவதற்குத் தக்க நீளம் விட்டுக் கட்டச் சொல்லுங்கள். குழாய்க்காக ஹவுசிங்கில் துளை போட்டபின் இரும்புத்தூள் உள்ளே தங்காமல் கழுவிவிட்டுத்தான் ஆயில் ஊற்ற வேண்டும். அப்புறம், சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது சுவிட்சைத் தட்டக் கூடாது. பள்ளத்துக்கு முன்னாலேயே நிறுத்திப் போடச் சொல்லுங்கள்.

ஊசிவளைவு:
ஃபியூஸ், ரிலே தனியாக. சுவிட்சுக்கு மேலே விளக்கும் வையுங்கள், பூட்டியபடியே தார் ரோட்டில் ஏறிவிடாமல் இருக்க.