பாட்டு முடிந்தால் ஆராதனை முடிந்ததா?

உபதேசியார், நாசரேத் பக்கம்:
பாட்டுகள் முடிந்ததும் “ஆராதனை முடிந்தது, இனி தேவசெய்தி” என்று மைக்கில் சொல்லும் பழக்கம் நம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளிலும் நுழைந்துவிட்டது. பாவ அறிக்கை, வேதபாடம், பிரசங்கம், மன்றாட்டு, காணிக்கை, அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து அத்தனையும் ஆராதனைதான்.

அதிகம் சிதைந்திருப்பது சமாதானம் கொடுத்தல், அதாவது சபையார் ஒருவருக்கொருவர் கைகளைச் சேர்த்துச் சமாதானத்தைப் பகிரும் சடங்கு. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. 1950-ல் வந்த திருவிருந்து முறைமையில், சிரியன் சபை வழக்கத்தைத் தழுவி இதைச் சேர்த்தார்கள். கொடுப்பவர் தம் வலது உள்ளங்கையைப் பெறுபவரின் வலது உள்ளங்கையோடு சேர்த்து வைப்பார். இருவரும் இடது கையால் மற்றவரின் வலது கையை மூடுவார்கள். ஆயர் முதலில் பீடத்தண்டை நிற்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அவர்கள் இறங்கி வந்து ஒவ்வொரு வரிசையிலும் முதல் ஆளுக்குக் கொடுப்பார்கள், அங்கிருந்து ஆள் ஆளாகப் போகும். எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிக் கைகுலுக்கினால் அது வெறும் நலம் விசாரிப்பு. பாயில் உட்காரும் சபைகளில் வரிசைக்கு ஒருவரை முன்னமே சொல்லிவைத்தால் குழப்பம் வராது.

காணிக்கை எடுப்பவர், மதுரை:
அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சமாதானம் காணிக்கைக்கு முன்னால்தான் வர வேண்டும். மத்தேயு 5:23, 24 அப்படித்தான் சொல்கிறது: முதலில் ஒப்புரவு, பிறகு காணிக்கை. நேரம் மிச்சம் பிடிக்க இரண்டையும் ஒன்றாக நடத்தினால் ஒரு கையில் பை, மறு கையில் பக்கத்து ஆள் என்றாகிவிடும்.

அப்பமும் திராட்சரசமும் காணிக்கைப் பைகளோடு பின்வாசலிலிருந்து ஒரே பவனியாகப் பீடத்துக்கு வரட்டும். காலையிலேயே மேஜையில் மூடி வைத்துவிட்டால், அதுவும் சபையார் படைப்பது என்பதே கண்ணில் படாது. இன்னொன்று, தயவுசெய்து ஆராதனை நடக்கும்போதே பணத்தை எண்ணாதீர்கள். வெஸ்ட்ரியில் (ஆலயத்தை ஒட்டிய அறையில்) உட்கார்ந்து எண்ணும் இரண்டு பேரும் திருவிருந்தை இழக்கிறார்கள். பூட்டி வைத்து, ஆசீர்வாதம் முடிந்தபின் எண்ணலாம்.

பாடகர் குழு, பாளையங்கோட்டை:
பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழுவுக்கு வசதியான சுருதியில் கீர்த்தனையை எடுத்தால், இரண்டாவது சரணத்திலேயே சபை வாயை மூடிக்கொள்ளும். அரைச் சுருதியோ ஒரு சுருதியோ இறக்கினால் பின்வரிசைத் தாத்தாவும் பாடுவார். பாமாலைப் (ஞானப்பாட்டுப் புத்தகம்) பாட்டுகளில் நேரமில்லை என்று கடைசிச் சரணத்தை வெட்டாதீர்கள். பல பாட்டுகளில் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரியேகருக்குத் துதி அங்கேதான் இருக்கிறது.

வேதபாடம் வாசிப்பவர், நாகர்கோவில்:
வசன எண்களை வாசிக்க வேண்டாம். அதிகாரத்தைச் சொன்னபின், பக்கம் புரளும் சத்தம் அடங்கும்வரை நில்லுங்கள். முந்தின நாளே சத்தமாக வாசித்துப் பார்த்தால்தான் பெயர்களில் நாக்கு தடுமாறாது. சுவிசேஷத்துக்குச் சபை எழுந்து நிற்கும். எல்லோரும் நின்று முடிக்குமுன் முதல் வரி போய்விட்டால் அந்த வாசிப்பே போச்சு.